மூக்குக் கனம்

மேலப்பாளையம் பழைய இரும்புக் கடையில்
ஜீப் அச்சு ஒன்று வெயிலில் கிடந்தது,
உரித்த தொடையெலும்பு மாதிரி.
மைதீன் பிச்சை எடைக்குத் தரமாட்டேன் என்றார்.
"இது இரும்பில்லவே, பொருளு."
ஆயிரம் ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் ஆனது.
வில்பட்டை இரண்டையும் சேர்த்து
குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

போன சாரலுக்குக் குற்றாலத்தில் அறை கிடைக்காமல்
காருக்குள் உட்கார்ந்தபடியே விடிந்ததே,
அன்றைக்கு முழங்காலை நீவிக்கொண்டே
தேவசித்தம் சொன்ன ஒரு வார்த்தை.
அதற்கு இவ்வளவு இரும்பு தேவைப்படும் என்று
அன்றைக்குத் தெரியாது.

திசையன்விளையில், வீட்டுக்குப் பின்னால்,
முருங்கைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்
பத்தடிக்கு ஆறடி.
காற்றாலை உச்சியில் தொங்கிக்கொண்டு
போல்ட் முறுக்குகிறவனுக்கு
தரையில் ஒரு சட்டம் மூலைமட்டத்துக்கு வரவில்லை.
கோணலுக்கு நூல் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்பது மில்லி கூட.
"ஒம்பது மில்லிதான?"
கல்லாவில் ஒன்பது ரூபாய் இடித்தால்
ராத்திரி எட்டு மணிவரை
தபாலாபீஸில் உட்காருகிறவள் நான்.
அறுத்துப்போடு என்றேன்.
அறுத்தான்.
இரண்டு நாள் பேச்சில்லை.
கிரைண்டர் மட்டும் பேசியது.

தகரம் அடித்த பிறகு தெரு கேட்க ஆரம்பித்தது:
ஐஸ் வண்டியா?
எலெக்‌ஷனுக்கா?
கோழி கொண்டுபோகவா?
எதிர்வீட்டு ஞானவடிவு மட்டும்
சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு,
"வீடு இருக்கையில வீட்ட இழுத்துக்கிட்டு
எங்கட்டி போறீய?"
எனக்கும் பதில் தெரியவில்லை.
ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன்.

மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு
மூக்கில், கொக்கியில், நிற்க வேண்டுமாம்.
குறைந்தால் ரோட்டில் வாலாட்டும்,
இழுக்கிற வண்டியையே சாய்த்துப்போடும்.
அடுப்பு, காஸ், பேட்டரி எல்லாவற்றையும்
பின்னால் வைத்துவிட்டோம்.
அரிசிக்கடைத் தராசைக் கடன் வாங்கி
மூக்கைத் தூக்கி வைத்தால்
பத்தொன்பது கிலோ.
"நீ உள்ள ஏறு."
ஏறினேன்.
"முன்னால வா. இன்னும். கொஞ்சம் பின்னால.
ஆ, அங்கனதான். அசையாத. அங்கனயே இரி."
குனிந்து தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆறு மாதத்தில் என்னிடம் அவன்
இவ்வளவு பதமாகப் பேசியதில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு
தண்ணீர் டாங்க் வைத்தான்.
டாங்குக்கு அறுபது லிட்டர். எனக்கு அறுபத்தொன்று.
மிச்ச ஒரு கிலோவுக்கு
இன்னும் கணக்குச் சொல்லவில்லை.

முதல் பயணம் இட்டமொழி தாண்டித் தேரிக்கு.
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் போனோம்.
செம்மணல் அதையும் மதிக்கவில்லை.
சக்கரத்துக்கு அடியில் பனமட்டை போட்டோம்.
சோற்றுத் தட்டால் தோண்டினோம்.
அச்சுவரை புதைந்த பிறகு,
சரி, இதுதான் நாம் வந்த ஊர் என்றான்.

மீன்குழம்பில் மணல் கரகரத்தது.
படுக்கும்போது கதவு பூட்டிக்கொள்ளவில்லை,
ஒரு விரல் சந்து.
ஏற்றத்தில் சட்டம் முறுக்கியிருக்க வேண்டும்.
நூல் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

சந்து வழியே தூரத்தில்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றுபோல மினுங்கின.
"அதுல மூணாவது பிந்துது பாரு,
திங்கக்கெழம ஏறிப் பாக்கணும்" என்றவன்
சொல்லி முடிக்குமுன் தூங்கிப்போனான்.
தலைமாட்டுப் பலகைக்குக் கீழே
அறுபது லிட்டரும் ஒருபக்கம் சாய்ந்து
யாரோ புரண்டு படுப்பதுபோல்
அசைந்துகொண்டிருந்தது.
நான் அந்த மூன்றாவது விளக்கை
எண்ணிக்கொண்டிருந்தேன்.